உழுதவள் கணக்குப் பார்க்கட்டும்
முழுப்பண்ணைத் திட்டம்: பண்ணைப் பயிற்றுநர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு பாடம்



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. விவசாயத்தில் கணக்குப் பார்க்காதே, பார்த்தால் மனசு உடைஞ்சு போகும் என்று ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அது. ஆனால் நாம் குழுவில் பழகியது வேறு. வாரச் சேமிப்பு 20 ரூபாய் என்றாலும் நோட்டில் எழுதாமல் விடமாட்டோம். உள்கடனில் 5 ரூபாய் வட்டி குறைந்தாலும் ஊக்குநரைக் கேள்வி கேட்போம். அப்படிப்பட்ட நாமே, அந்தக் கடனை வாங்கி நிலத்தில் போட்டோமே, என்ன ஆச்சு என்று கேட்டால், "ஏதோ போட்டோம், ஏதோ வந்துச்சு" என்றுதான் பதில் சொல்கிறோம்.

கடன் நோட்டில் இருக்கிறது. அந்தக் கடன் போய்ச் சேர்ந்த நிலம் எந்த நோட்டிலும் இல்லை. தவணை கட்ட முடியாதபோது காதில் கிடந்த தோடு அடகுக்குப் போகிறது. அடகு வைத்த பிறகுதான் எங்கே தப்பு நடந்தது என்று யோசிக்கிறோம்.

இந்த நிலையை மாற்ற உதவும் ஒரு வழிதான் முழுப்பண்ணைத் திட்டம். நம் ஊராட்சிகளில் பல சகோதரிகள் விவசாயக் குடும்பங்களுக்கு வழிகாட்டும் பயிற்றுநர்களாக வேலை செய்கிறார்கள். இன்னும் பலர் அதற்குத் தயாராகிறார்கள். அவர்கள் இந்தத் திட்டத்தை ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து எப்படிப் போடுவது என்பதே இந்த மாதப் பாடம். பயிற்றுநர் அல்லாத உறுப்பினர்களும் படியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பயிற்றுநர் வந்தால், அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும்.

முழுப்பண்ணை என்றால் என்ன?

நமக்கு நிலம் என்றதும் பயிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு விவசாயக் குடும்பத்தில் இருப்பது பயிர் மட்டுமல்ல. கிணறு இருக்கிறது. மாடு, ஆடு, கோழி இருக்கிறது. வேலியோர மரம் இருக்கிறது. குப்பைமேடு இருக்கிறது. வேலை செய்யும் கைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு, சீர் செலவு இருக்கிறது. கட்ட வேண்டிய கடன் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் முழுப்பண்ணை.

இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. கடலைக்கொடி மாட்டுக்குத் தீவனம். மாட்டுச் சாணம் நிலத்துக்கு எரு. கோடையில் கிணறு வற்றினால் புல் காயும்; புல் காய்ந்தால் பால் குறையும்; பால் குறைந்தால் குழுத் தவணை நிற்கும். ஒரு நூலை இழுத்தால் சேலை முழுக்கச் சுருங்குவது போலத்தான். ஆகவே ஒரு பயிரை மட்டும் பார்த்து முடிவு எடுக்காமல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து, வருடம் முழுமைக்கும் முடிவு எடுப்பதையே முழுப்பண்ணைத் திட்டம் என்கிறோம்.

நமக்கு இது ஏன் அவசியம்?

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 எக்டேர். அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சின்ன நிலத்தில் ஒரே பயிரை நம்பினால், ஒரு மழை தவறினாலும், ஒரு சந்தையில் விலை சரிந்தாலும் அந்த வருடமே போய்விடும்.

ஆலோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. வேளாண் அலுவலர் பயிரைப் பற்றிச் சொல்வார். கால்நடை மருத்துவர் மாட்டைப் பற்றிச் சொல்வார். வங்கிக்காரர் கடனைப் பற்றிச் சொல்வார். மருந்துக் கடைக்காரர் மருந்தைப் பற்றிச் சொல்வார். எல்லாரும் அவரவர் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். நான்கு பக்கத்தையும் சேர்த்துச் சுமப்பது யார்? வீட்டில் இருக்கும் பெண்தான். காலையில் சாணம் அள்ளுவதும் அவள், களை எடுப்பதும் அவள், தவணைக்குப் பணம் புரட்டுவதும் அவள். ஆனால் "என்ன பயிர் வைக்கலாம்" என்று பேசும்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள். முழுப்பண்ணைத் திட்டம் போட உட்காரும்போது அவளும் பாயில் உட்கார வேண்டும். இது முதல் விதி.

சொல்லிக் கொடுப்பதும் கேட்டு அறிவதும்

1970களின் நடுவிலிருந்து நம் நாட்டில் 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' என்ற முறையில் விவசாய ஆலோசனை நடந்தது. அலுவலர் செய்தியைக் கொண்டுவருவார், விவசாயி கேட்டுக்கொள்வார். புதிய விதையைப் பரப்ப அது உதவியது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு என்பது அதில் அடங்கவில்லை.

1989இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. அங்கே ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கமாட்டார். விவசாயிகள் வாராவாரம் வயலில் இறங்கி, எத்தனை பூச்சி, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று அவர்களே எண்ணி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். பிறகு இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. அதில் இருக்கும் பாடம் இதுதான்: தானே எண்ணிப் பார்த்த கணக்கை யாரும் மறக்கமாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் மத்திய வேளாண்மைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 'கிரிஷி சகி' என்ற பெயரில் சுய உதவிக் குழுப் பெண்கள் பயிற்றுநர்களாகச் சான்று பெறுகிறார்கள். முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மண் வளம், விதை, கால்நடை, ஒருங்கிணைந்த பண்ணையம் எல்லாம் அந்தப் பயிற்சியில் உண்டு. அறிவு கிடைத்துவிடுகிறது. அதை ஒரு வீட்டில் எப்படி எடுத்து வைப்பது என்பதில்தான் பயிற்றுநரின் திறமை இருக்கிறது.

பயிற்றுநர் ஒரு வீட்டுக்குப் போனால்: ஆறு படிகள்

1. முதலில் வீடு, பிறகு காடு

போனதும் "என்ன பயிர் போட்டிருக்கீங்க" என்று கேட்காதீர்கள். "இந்த வருஷம் வீட்டுக்கு என்னென்ன தேவைக்கா? அண்ணே, நீங்களும் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய்? எந்த மாதம் பள்ளிக் கட்டணம்? எந்தெந்தத் தேதியில் தவணை? வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா? இதை எழுதிக்கொள்ளுங்கள். பண்ணை இந்தத் தேவைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2. நடந்து பாருங்கள், கோலமாவில் வரையுங்கள்

குடும்பத்தோடு சேர்ந்து நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மேடு எது, பள்ளம் எது, மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எந்த இடத்தில் பயிர் எப்பவும் வெளுக்கிறது என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். திரும்பி வந்து வாசலில் கோலமாவால் அந்த நிலத்தை அவர்களையே வரையச் சொல்லுங்கள். கிணற்றுக்கு ஒரு கல், மரத்துக்கு ஒரு இலை, மாட்டுக்கு ஒரு கொட்டாங்குச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர் கூட இதில் தயங்கமாட்டார். மாவுப் பொட்டலத்தை வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். கோலம் போட்ட கை அது, கூச்சப்படாது.

3. தண்ணீரை அளந்து பாருங்கள்

"கிணத்துல தண்ணி இருக்கு" என்பது கணக்கு ஆகாது. 200 லிட்டர் டிரம்மை வைத்து மோட்டாரைப் போடுங்கள். நிரம்ப 40 விநாடி ஆனால், ஒரு மணி நேரத்துக்கு 18,000 லிட்டர். தையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று இரண்டையும் கேளுங்கள்.

மறக்கக்கூடாத ஒரு அளவு: 1 ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். நெல்லுக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் தேவை. நிலக்கடலைக்கு 500 முதல் 550. உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றுக்கு 300 முதல் 350 போதும். கிணறு எதைத் தாங்கும் என்று கிணறே சொல்லிவிடும்.

4. புளியங்கொட்டை வைத்து வேலையை எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தரையில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அக்காவுக்கு. காலை எழுந்தது முதல் இரவு படுக்கிற வரை செய்யும் வேலைக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு புளியங்கொட்டை. தண்ணீர் எடுப்பது, சமையல், சாணம் அள்ளுவது, பால் கறப்பது, புல் அறுப்பது, களை, துணி, பாத்திரம், மாமியாரைப் பார்த்துக்கொள்வது என எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டும். பிறகு மாதவாரியாகவும் வையுங்கள். எந்த மாதம் களை எடுப்பும் நடவும் ஒன்றாக வருகிறது என்று தெரியும்.

கொட்டைகள் குவியும்போது யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும். புதிதாக ஒரு வேலையைச் சேர்ப்பதற்கு முன் "இது யார் கட்டத்துல போய் விழும்?" என்று கேட்க இந்தப் படி உதவும்.

5. வரவும் செலவும்

போன வருடம் ஒவ்வொரு பயிருக்கும், ஒவ்வொரு மாட்டுக்கும் செலவு என்ன, வரவு என்ன என்று எழுதுங்கள். மூன்று பத்தி போடுங்கள்: கையிலிருந்து போன பணம், வீட்டிலிருந்து போன பொருள், வீட்டார் உழைப்பு. மூன்றாவது பத்தியில் பணம் எழுத முடியாவிட்டாலும் நாட்களை எழுதுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த கடலை, பருப்பு, பால் இவையும் வரவுதான். அதை விட்டால் பெண் பார்க்கும் பயிர்கள் எல்லாம் நட்டம் போலத் தெரியும்.

6. "தப்பினால் என்ன?" என்று கேட்டுவிட்டு முடிவு

ஒவ்வொரு யோசனைக்கும் நான்கு கேள்வி: மழை தள்ளிப்போனால்? விலை பாதியானால்? மாடு வற்றினால்? வேலை செய்கிறவருக்கு உடம்பு முடியாமல் போனால்? இந்த நான்கிலும் வீட்டுச் சாப்பாடும் தவணையும் தப்பிக்குமா என்று பார்த்துவிட்டு, குடும்பமே முடிவு செய்யட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பழகுவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கணவன், மனைவி, மாமியார், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். கிணற்றுப் பாசனத்தில் 1 ஏக்கர், மானாவாரியில் ஒன்றரை ஏக்கர். ஒரு கலப்பினப் பசு, 6 ஆடு. கணவரின் யோசனை: "கடனை வாங்கி 1 ஏக்கரும் வாழை வச்சிடலாம்." மனைவியின் யோசனை: "ஏங்க, குழுவுல லோன் போட்டு இன்னொரு மாடு வாங்கலாமே." இரண்டு பேரும் பயிற்றுநரைப் பார்க்கிறார்கள். "நீயே சொல்லும்மா, எது சரி?"

இந்த இடத்தில் பயிற்றுநர் தீர்ப்பு சொல்லக் கூடாது. "அண்ணே, அக்கா, ரெண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்திடலாம்" என்று உட்கார வேண்டும்.

முதலில் வாழை. மோட்டார் மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கிறது. சித்திரையில் கிணறு ஒரு மணி நேரம்தான் தாங்கும். 1 ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் என்றால் 11 மணி நேரம் வேண்டும். அதாவது ஒரு தடவை பாய்ச்சி முடிக்க 11 நாள் ஆகும். கோடையில் வாழை அத்தனை நாள் காத்திருக்காது. சொட்டுநீர் போட்டால் தேவை குறையும். அதற்கான மானியத்தைத் தோட்டக்கலைத் துறையில் விசாரிக்கலாம். அப்படியும் 1 ஏக்கரைத் தாங்குமா என்று அலுவலரை வைத்துப் பார்த்த பிறகே கடனைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கணக்கைக் கணவரே டிரம்மை வைத்து அளந்தால் யாரும் அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து மாடு. இப்போது இருக்கும் பசு நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது. லிட்டர் 35 ரூபாய் என்றால் 280 ரூபாய். அடர்தீவனம் நான்கரை கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 135 ரூபாய். விலைக்கு வாங்கும் வைக்கோல், புல் 50 ரூபாய். மிச்சம் 95 ரூபாய். மனைவியின் கட்டத்தில் மாட்டுக்காக மூன்று புளியங்கொட்டை இருக்கிறது. 95 ரூபாயை மூன்றால் வகுத்தால் மணிக்கு 32 ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கணக்கில் இன்னொரு மாடு வாங்கினால், வேலை இரட்டிப்பாகும், கடனும் சேரும். அதோடு ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பசு வற்றி நிற்கும். அப்போது வரவில்லை, தீவனச் செலவு மட்டும் உண்டு.

அப்போது பயிற்றுநர் கேட்க வேண்டிய கேள்வி: "அக்கா, இந்த 50 ரூபா புல்லையும் வைக்கோலையும் நம்ம நிலத்துலயே எடுக்க முடியுமா?"

பாசன நிலத்தில் 10 சென்ட் எடுத்துக் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும், ஓரத்தில் வேலிமசாலும் வைத்தால் ஒரு கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் கிடைக்கும். நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. 10 சென்ட்டை ஏழெட்டுப் பாத்தியாகப் பிரித்து முறைவைத்து அறுத்தால் தினமும் புல் கிடைக்கும். 10 சென்ட்டுக்கு ஒரு தண்ணீர் 20,000 லிட்டர். மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓடினால் போதும். சித்திரைக் கிணறும் இதைத் தாங்கும். மானாவாரியில் விளையும் கடலைக்கொடி வைக்கோலுக்கு மாற்றாகும். நல்ல பசுந்தீவனம் கிடைத்தால் அடர்தீவனத்தில் 1 கிலோ குறைக்கலாம். ஆக 50 ரூபாயும் 30 ரூபாயும் சேர்த்து நாளுக்கு 80 ரூபாய் மிச்சம். மாதம் 2,400 ரூபாய். புதுக் கடன் இல்லை, இரண்டாவது மாடும் இல்லை. கரணைக்கும் நடவுக்கும் ஆகும் செலவு ஒரு முறைதான்.

ஆனால் புல் அறுப்பது யார் கட்டத்தில் விழும்? இதைக் கேட்காமல் விட்டால் திட்டம் காகிதத்தில் லாபம், அக்காவின் முதுகில் நட்டம். கணவர் கட்டத்தைக் காட்டி, "அண்ணே, சாயங்காலப் புல்லை நீங்க அறுத்துப் போட முடியுமா?" என்று நேராகக் கேட்க வேண்டும். மாமியார் முன்னால், பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்ட வேலை நிற்கும். அதையும் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வருடத் திட்டம் இப்படி வரக்கூடும்:

மானாவாரி ஒன்றரை ஏக்கரில் ஆடிப்பட்டத்தில் 6 வரிசை கடலைக்கு 1 வரிசை துவரை. கடலை முந்தி வரும், துவரை பிந்தி வரும். ஒன்று தவறினால் ஒன்று கைகொடுக்கும். கொடி மாட்டுக்கு, பருப்பு வீட்டுக்கு.

பாசன நிலத்தில் மழைக்காலத்தில் 50 சென்ட் நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு, 40 சென்ட் காய்கறி, 10 சென்ட் புல். கோடையில் 20 சென்ட் காய்கறியும் 10 சென்ட் புல்லும் மட்டும். 30 சென்ட்டுக்கு ஒரு தண்ணீர் 60,000 லிட்டர். ஒரு மணி நேரக் கிணற்றில் மூன்றரை நாளில் பாய்ந்துவிடும். மிச்ச நிலத்தைக் கோடை உழவு போட்டு ஆறவிடலாம்.

சாணம் நாளுக்கு 10 முதல் 15 கிலோ. வெயிலில் காயவிடாமல் குழியில் கழிவோடு சேர்த்து மக்கவிட்டால் வருடத்துக்கு இரண்டு டன்னுக்குமேல் எரு. ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் என்பது பொதுப் பரிந்துரை. ஆகவே அந்த எருவை எல்லா இடத்திலும் தூவாமல், காய்கறிக்கும் புல்லுக்கும் முதலில் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.

இரண்டாவது மாட்டைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம். புல் எப்படி வருகிறது, கொட்டைகள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு.

இது ஒரு குடும்பத்துக்கான விடை. பக்கத்து வீட்டில் கிணறு இல்லை என்றால் விடை வேறு. கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தால் வேறு. நிலமே இல்லாமல் குத்தகைக்கு எடுத்தவருக்கு வேறு. அவர் அடுத்த வருடம் அந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாமல் புல் கரணை நடமாட்டார். ஆகவே ஒரு வீட்டுத் திட்டத்தை இன்னொரு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பயிற்றுநர்களை எப்படித் தயார் செய்வது?

கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை:

முதல் திட்டம் சொந்த வீட்டுக்கு. பயிற்றுநர் தன் வீட்டில் கோலமாவும் புளியங்கொட்டையும் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். தன் கணவரோடு உட்கார்ந்து இந்தப் பேச்சைப் பேசியவருக்குத்தான் மற்ற வீட்டில் எந்த இடத்தில் பேச்சு நிற்கும் என்று தெரியும்.

ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. தொடக்கத்தில் இரண்டு பேராகப் போவது நல்லது. எழுதிக்கொண்டே கேட்டால், எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவது கண்ணில் படாது.

உத்தரவைக் கேள்வியாக மாற்றும் பயிற்சி. பயிற்சியில் வட்டமாக உட்கார்ந்து இதைப் பழகலாம். "மண்ணைப் பரிசோதனை பண்ணுங்க" என்பதற்குப் பதில், "போன மூணு வருஷமா உரம் கூடியிருக்கா, விளைச்சல் கூடியிருக்கா?" "கடன் வாங்காதீங்க" என்பதற்குப் பதில், "முதல் தவணை வர்ற மாசம் கையில எந்த வரவு இருக்கும்?" உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கேள்வி ராத்திரி படுத்த பிறகும் மனசில் ஓடும்.

நாடகமாக நடித்துப் பார்ப்பது. ஒரு சகோதரி "பொம்பளைக்கு என்ன தெரியும், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் கணவராக நடிக்கட்டும். இன்னொருவர் பயிற்றுநராகப் பதில் சொல்லட்டும். கோபப்படாமல், "அண்ணே, களைக்கு எத்தனை ஆள் ஆச்சுன்னு அக்காவுக்குத்தான் தெரியும், ஒரு நிமிஷம் கேட்டுக்குவோம்" என்று சொல்லப் பழக வேண்டும்.

'தெரியாது' என்று சொல்லும் தைரியம். பயிற்றுநருக்கு எல்லாம் தெரிய வேண்டியதில்லை. எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும். மாட்டு நோய்க்குக் கால்நடை மருந்தகம், மானியத்துக்கு வேளாண் மற்றும் தோட்டக்கலை அலுவலகம், புது முறைகளுக்கு வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் பார்க்கலாம். "நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்க்கா" என்று சொல்லி, சொன்னபடி வந்து சொன்னால் நம்பிக்கை வளரும்.

விற்பனை வேண்டாம். திட்டம் போடப் போன வீட்டில் விதையோ, மருந்தோ, காப்பீடோ விற்கக் கூடாது. விற்கிறவர் சொல்லும் கணக்கை யாரும் முழுசாக நம்பமாட்டார்கள்.

வருடத்துக்கு நான்கு தடவை. ஆடிக்கு முன் திட்டம், ஐப்பசியில் மழையைப் பார்த்து ஒரு திருத்தம், தையில் அறுவடைக் கணக்கு, சித்திரையில் தண்ணீர்க் கணக்கு. ஒரு தடவை போட்டுவிட்டு விட்டால் திட்டம் பரணுக்குப் போய்விடும்.

நோட்டு அந்த வீட்டில் இருக்கட்டும். பயிற்றுநர் பையில் அல்ல. திட்டம் அவர்களுடையது. கடன் விவரமும் குடும்பக் கஷ்டமும் அதில் இருக்கும். அனுமதியில்லாமல் அடுத்த வீட்டில் பேசுவது நம்பிக்கைத் துரோகம்.

வழக்கமாக வரும் கேள்விகள்

"எங்க வீட்ல அவர் உட்காரவே மாட்டார்." அப்படியென்றால் மாமியாரோடு தொடங்குங்கள், அல்லது மகனோடு. மாட்டுக் கணக்கு, காய்கறிக் கணக்கு என்று பெண் பார்க்கும் பகுதியை முதலில் எழுதுங்கள். 80 ரூபாய் மிச்சமாவது தெரிந்தால் அவரே பாய்க்கு வருவார்.

"மழையே நம்ம கையில இல்ல, திட்டம் எதுக்கு?" தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கையில் இல்லாத ஒன்றுக்குத்தான் முன்யோசனை தேவை. மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இரண்டையும் எழுதி வைப்பதே திட்டம்.

"குழுவுக்கு இதனால என்ன?" நாம் போடும் நுண்கடன் திட்டத்தில் 'விவசாயம்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கடன் கொடுக்கிறோம். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பண்ணைத் திட்டம் இருந்தால், எந்த மாதம் வரவு வரும் என்று தெரியும். அதற்கு ஏற்பத் தவணையை வைக்கலாம். பாலுக்கு மாதத் தவணை, கடலைக்கு அறுவடைத் தவணை. உறுப்பினர் திணறாமல் கட்டுவார், குழுவின் பெயரும் கெடாது.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள், செய்யுங்கள்

1. நம் குழுவில் சென்ற ஆண்டு விவசாயத்துக்கென்று வாங்கிய கடன் எவ்வளவு? அதில் விவசாய வரவிலிருந்தே திருப்பிக் கட்டியது எத்தனை பேர்? கூலி வேலையிலிருந்தோ அடகு வைத்தோ கட்டியது எத்தனை பேர்?

2. ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் புளியங்கொட்டைக் கணக்கை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

3. கிணறு இருப்பவர்கள் டிரம் வைத்துத் தண்ணீரை அளந்து எழுதிவையுங்கள். சித்திரையில் மறுபடி அளவுங்கள்.

4. திட்டம் போட விரும்பும் இரண்டு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குத் தீர்மானம் அனுப்புங்கள். அதில் ஒன்று குத்தகைக்கு உழும் குடும்பமாகவோ, தனியாகப் பண்ணை நடத்தும் பெண்ணாகவோ இருக்கட்டும்.

சகோதரிகளே, உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்றார்கள். மிஞ்சாமல் போவதற்குக் காரணம் கணக்கு அல்ல. கணக்கில் ஏறாமலேயே போன தண்ணீரும், சாணமும், நம் உழைப்பும்தான். அவற்றை நோட்டில் ஏற்றுவோம். உழக்கு மிஞ்சுகிறதா, படி மிஞ்சுகிறதா என்று வருகிற தையில் சேர்ந்து பார்ப்போம்.